இயக்கமுறைமைத் தேர்வு: அலுவலகக் கணினியும் தனிக் கணினியும்

ஓர் அலுவலகத்திற்கு மடிக்கணினிகள் வாங்கும்போது நினைவகத்தின் அளவு, நுண்செயலியின் வேகம், மின்கலத்தின் உழைப்பு, விலை ஆகியவை நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. அக்கணினியில் எந்த இயக்கமுறைமை இருக்க வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. கடையில் எது பதிந்து தரப்படுகிறதோ அதுவே ஏற்கப்படுகிறது. மாணவர் தமக்கென ஒரு கணினி வாங்கும்போதும் நிலை இதுவே. ஆயினும் கணினி எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்கும், அதில் எழுதப்படும் ஆவணங்களைப் பிற்காலத்தில் யார் திறக்க இயலும், பழுது நேர்ந்தால் யாரை நாட வேண்டும் என்பவற்றைப் பெரிதும் முடிவு செய்வது இயக்கமுறைமையே ஆகும். பொதுப் பணத்தில் வாங்கப்படும் கணினிகளைப் பொறுத்தவரை இது வெறும் விருப்பத்தைச் சார்ந்த செய்தி அன்று. நிர்வாகப் பொறுப்பைச் சார்ந்ததாகும்.

இயக்கமுறைமையின் பணி

கணினியின் வன்பொருளுக்கும், பயனாளர் கையாளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று பணியாற்றுவது இயக்கமுறைமை. நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைச் சேமித்து மீட்டல், அச்சுப்பொறி போன்ற துணைக் கருவிகளை இயக்குதல், ஒரு பயனாளரின் தகவலை மற்றவர் காணாமல் காத்தல் ஆகியவை இதன் முதன்மைப் பணிகள். ஓர் இயக்கமுறைமைக்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றில் நேராக இயங்குவதில்லை. தேர்வின் கடினம் இங்கிருந்தே தொடங்குகிறது.

மடிக்கணினிகளில் இன்று வழங்கும் இயக்கமுறைமைகளை நான்கு வகையாகக் கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1985 இல் முதன்முதலாக வெளியிட்ட விண்டோஸ் முதலாவது. பல நிறுவனங்களின் கணினிகளில் இது இயங்குகிறது. கணக்குப் பதிவு, பொறியியல் வரைவு முதலிய துறைகளில் பெரும்பாலான வணிக மென்பொருள்கள் இதனை முன்னிட்டே எழுதப்படுகின்றன. இரண்டாவது, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓ.எஸ். இது அந்நிறுவனத்தின் கணினிகளுக்கு மட்டுமே உரியது. மூன்றாவது, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ். இதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்திருப்பதால் டெபியன், உபுண்டு எனப் பல வழங்கல்களாக இது கிடைக்கிறது. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் தொட்டு இடம் பெற்றவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குபவை. நான்காவது, கூகுள் நிறுவனத்தின் குரோம் ஓ.எஸ். 2011 முதல் விற்பனைக்கு வந்த இவ்வகைக் கணினிகள் பெரும்பாலும் இணையத்தைச் சார்ந்தே பணியாற்றுகின்றன.

இவற்றுள் எது சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. எந்தப் பணிக்கு, எந்தக் கணினியில், எத்தனை ஆண்டுகளுக்கு என்னும் குறிப்புகள் சேரும்போதே விடை தெளிவாகிறது.

பாதுகாப்பு ஆதரவின் காலம்

இயக்கமுறைமையில் குறைகள் கண்டறியப்படுவது இயல்பு. அவற்றை நீக்கும் திருத்தங்களை உருவாக்கியவர்கள் அவ்வப்போது வெளியிடுகின்றனர். அத்திருத்தங்கள் வராத நாள் முதல், கணினி வழக்கம்போல் இயங்கினும் அதன் காவல் குன்றத் தொடங்குகிறது. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அது பயன்படுத்திக்கொண்ட குறைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிடப்பட்டிருந்தது. திருத்தம் கிடைத்தும் அதனைப் பதியாத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

இந்த நோக்கில் 2025 அக்டோபர் 14 குறிப்பிடத்தக்க நாளாகும். 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு அன்று முடிவுற்றது. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 க்கு மாறுவது பலருக்கு எளிதன்று. அதற்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றுடன், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட பட்டியலில் அடங்கிய நுண்செயலியும் தேவை. இன்டெல் நிறுவனத்தின் நுண்செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அப்பட்டியலில் இடம் பெறுகின்றன. ஆகவே, எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் இணையத்தைக் காண்பதற்கும் இன்னும் போதுமான ஆற்றலுள்ள கணினிகள் பல, இயக்கமுறைமையின் காரணத்தால் மட்டுமே ஒதுக்கப்படும் நிலைக்கு வந்தன.

இத்தகைய கணினிகளை வைத்திருப்போருக்கு மூன்று வழிகள் உள்ளன. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்துகொள்வது ஒன்று. தனியாருக்கு இது 2026 அக்டோபர் வரை எனவும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்று ஆண்டுகள் வரை எனவும் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான கட்டணம் ஆண்டுதோறும் இரட்டிக்கும். புதிய கணினி வாங்குவது இரண்டாவது வழி. அதே கணினியில் லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் பதிந்து, மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவது மூன்றாவது வழி. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளிவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் கட்டணமின்றித் திருத்தங்கள் கிடைக்கின்றன.

காலவரையறை விண்டோஸுக்கு மட்டும் உரியதன்று. 2025 இல் வெளிவந்த மேக் ஓ.எஸ். 26 பதிப்பே இன்டெல் நுண்செயலி கொண்ட ஆப்பிள் கணினிகளை ஏற்கும் இறுதிப் பதிப்பு என அந்நிறுவனம் அறிவித்தது. குரோம் ஓ.எஸ். கணினிகளுக்கு, 2021 முதல் வெளிவந்த வகைகளில், பத்து ஆண்டுகள் வரை திருத்தங்கள் தரப்படும் என 2023 இல் அறிவிக்கப்பட்டது. பயன்படுத்திய கணினியை விலைக்கு வாங்குவோர் அதன் தோற்றத்தையும் வேகத்தையும் காண்பதோடு, எஞ்சியுள்ள ஆதரவுக் காலத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

இந்திய அனுபவம்

திறந்த மூல மென்பொருளை அரசுப் பணிகளில் பயன்படுத்துவது பற்றி மத்திய அரசு 2015 இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்பதும், அதனை விலக்குவதாயின் காரணம் காட்டப்பட வேண்டும் என்பதும் அதன் சாரம். இதற்கு முன்னரே, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் லினக்ஸ் வழங்கலை உருவாக்கி, இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதிகளுடன் வெளியிட்டிருந்தது.

பள்ளிக் கல்வியில் மிக விரிவான முயற்சி கேரளத்தில் நிகழ்ந்தது. அங்கு 2001 இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்வந்த ஆண்டுகளில் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017 இல் அத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாக அமைந்தது. இம்மாற்றத்தில் கருதத்தக்கது, இயக்கமுறைமை மட்டும் தனியாக மாற்றப்படவில்லை என்பதே. பாடத்திட்டத்திற்கு ஏற்ற மென்பொருள்கள் தொகுக்கப்பட்டன. பாடநூல்கள் அவற்றுக்கேற்ப எழுதப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சி தரப்பட்டது. மலையாளத்தில் தட்டெழுதும் வசதி உறுதி செய்யப்பட்டது. பள்ளியில் பயன்படும் அதே தொகுப்பை ஆசிரியரும் மாணவரும் தங்கள் வீட்டுக் கணினியில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ள முடிந்தது. உரிமக் கட்டணம் மிச்சமானது ஒரு பயன். ஒரு மாணவர் கற்ற கருவி பள்ளி வாயிலோடு நின்றுவிடாமல் வீட்டிற்கும் சென்றது அதனினும் பெரிய பயன் எனலாம்.

தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் லினக்ஸும் ஒரே கணினியில் அமைத்து வழங்கப்பட்டது. ஆயினும் இரண்டும் கையில் இருப்பதனாலேயே இரண்டும் பழக்கத்திற்கு வந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. பயிற்சியும் பாடமும் எதனைச் சார்ந்து அமைகின்றனவோ அதுவே நிலைபெறும்.

மியூனிக் நகரம் தரும் பாடம்

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003 இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளில் அதனை நிறைவேற்றியது. ஆனால் 2017 இல் நகர மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பிற அலுவலகங்களோடு ஆவணங்களைப் பரிமாறுவதில் இருந்த தொல்லைகளும், சில துறைகளின் தனி மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்கியமையும், அரசியல் தலைமையின் மாற்றமும் அவ்விவாதத்தில் பேசப்பட்டன. 2020 இல் பொறுப்பேற்ற கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரப்படும் என மறுபடியும் அறிவித்தது.

தொழில்நுட்பத்தால் இயலக்கூடிய மாற்றமும், பணியாளர்களின் ஒப்புதலும் தொடர்ச்சியான ஆதரவும் இன்றி நிலைக்காது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரு நிர்வாகம் எடுக்கும் முடிவை அடுத்த நிர்வாகம் மாற்ற நேரிடும் என்பதையும் இது நினைவூட்டுகிறது. எனவே, எந்த இயக்கமுறைமையைத் தேர்ந்தாலும், பெரும் இழப்பின்றி அதிலிருந்து வெளியேறும் வழி திறந்திருத்தல் வேண்டும்.

கோப்பு வடிவமும் மொழியும்

அத்தகைய வழியைக் காப்பது கோப்புகளின் வடிவமே. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே சரியாகத் திறக்கும் வடிவில் பத்து ஆண்டு ஆவணங்கள் சேர்ந்துவிட்டால், பின்னர் இயக்கமுறைமையை மாற்றுவது மிகுந்த செலவை வேண்டும். இதனை முன்னிட்டே மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை மத்திய அரசு 2010 இல் வகுத்தது. அலுவலக ஆவணங்களுக்கான ஓ.டி.எஃப். வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தரமாக உள்ளது. இதனை லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளும், மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் திறக்க வல்லவை.

இந்திய மொழிகளைப் பொறுத்தவரை இச்செய்தி இன்னும் முதன்மையானது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் மாறுபட்ட காலத்தில் தட்டெழுதப்பட்ட ஆவணங்கள் பல, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரிகின்றன. யூனிகோடு முறையில் எழுதப்பட்ட ஆவணத்திற்கு இந்த இடர் இல்லை. எந்த இயக்கமுறைமையிலும் அதனைப் படிக்கவும் தேடவும் முடியும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை விண்டோஸ், மேக் ஓ.எஸ்., லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கிடைக்கிறது. இயக்கமுறைமையை மாற்றும் அலுவலகம், அதற்கு முன்பாகப் பழைய எழுத்துருக்களில் உள்ள ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுதல் நலம்.

அலுவலகப் பணியும் சொந்தப் பணியும்

அலுவலகக் கணினிக்கான தேர்வில் தனி விருப்பத்திற்கு இடம் குறைவு. எல்லாக் கணினிகளும் ஒரே முறையில் அமைந்திருந்தால் பராமரிப்பு எளிதாகும். திருத்தங்களை ஒரே நேரத்தில் பதியலாம். விண்டோஸின் ஹோம் பதிப்பு அலுவலகப் பிணையத்தின் மையக் கட்டுப்பாட்டில் இணையும் வசதியற்றது. ஆதலின் அலுவலகத்திற்கு ப்ரோ முதலிய பதிப்புகளே ஏற்றவை. மின்னொப்பச் சாதனம், வருடி, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கான இயக்கிகள் தேர்ந்த இயக்கமுறைமைக்குக் கிடைக்கின்றனவா என்பதை வாங்குவதற்கு முன்பே சோதித்தறிய வேண்டும். மாற்றத் திட்டங்கள் பல தடைப்படுவது இத்தகைய சிறு கருவிகளிடத்திலேயே ஆகும்.

தனிக் கணினியில் தேர்வுரிமை முழுவதும் பயனாளருடையது. நிரலாக்கமும் அறிவியல் கணக்கீடும் பயில்வோருக்கு லினக்ஸ் நல்ல பயிற்சிக் களமாக அமையும். டேலி போன்ற கணக்கியல் மென்பொருளைப் பயில வேண்டியவருக்கு விண்டோஸ் தேவைப்படும். நிரலாக்கப் பயிற்சியோடு படத் தொகுப்பு, இசைத் தொகுப்பு போன்றவற்றிலும் ஈடுபடுவோர் பலர் மேக் ஓ.எஸ். கணினியை நாடுகின்றனர், அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஐயமுள்ளவர்கள் லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி, கணினியின் வட்டில் எதையும் மாற்றாமலே இயக்கிப் பார்க்கலாம். பழகிய பின் இரண்டு இயக்கமுறைமைகளையும் ஒரே கணினியில் அமைத்துக்கொள்ளவும் கூடும். அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வேறிடத்தில் படி எடுத்து வைத்தல் கட்டாயம்.

அலுவலகப் பணியையும் சொந்தப் பணியையும் ஒரே கணினியில் செய்வது தவிர்க்கத்தக்கது. பொதுமக்களைப் பற்றிய தகவல் அலுவலரின் சொந்தக் கணினியில் தங்குமாயின், அது களவு போகும்போது இழப்பு அவரோடு நிற்பதில்லை. 2023 இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இப்பொறுப்பை வலியுறுத்துகிறது. வேறு வழியில்லாதபோது தனிப் பயனாளர் கணக்கு அமைத்தலும், வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தலும் இன்றியமையாதவை. இவ்வசதி மேற்கூறிய இயக்கமுறைமைகள் அனைத்திலும் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது.

தேர்வுக்குரிய வினாக்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பின்வரும் வரிசையில் வினவுதல் தகும்.

1. அன்றாடப் பணிக்குத் தேவையான மென்பொருள்கள் எவை? அவை எந்த இயக்கமுறைமையில் இயங்கும்?
2. கணினியைப் பயன்படுத்தக் கருதும் ஆண்டுகள் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்குமா?
3. துணைக் கருவிகள் அனைத்தும் அதில் இயங்குமா?
4. பழுது நேர்ந்தால் சரிசெய்ய அருகில் பயிற்சி பெற்றவர் உளரா?
5. ஆவணங்கள் திறந்த வடிவிலும் யூனிகோடிலும் உள்ளனவா?
6. உரிமம், பயிற்சி, பராமரிப்பு அனைத்தையும் சேர்த்த மொத்தச் செலவு என்ன?

விலை இறுதியில் வைக்கப்பட்டிருப்பது கருதியே ஆகும். உரிமக் கட்டணம் இல்லாத இயக்கமுறைமைக்கும் பயிற்சிச் செலவு உண்டு. கட்டணமுள்ளதற்கும் அது தரும் பணியால் ஈடு கிடைக்கக் கூடும்.

முடிவுரை

இயக்கமுறைமைகள் மாறிக்கொண்டே இருப்பவை. இன்று தேர்ந்தெடுக்கப்படும் ஒன்று பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அதில் உருவாக்கப்படும் நில ஆவணமும், மாணவரின் ஆய்வேடும், ஊராட்சியின் கணக்கும் அதனினும் நெடுங்காலம் நிலைக்க வேண்டியவை. ஆதலின் ஆதரவுக் காலத்தை அறிந்து வாங்குவதும், திறந்த வடிவில் சேமிப்பதும், பயன்படுத்துவோருக்கு முறையான பயிற்சி அளிப்பதும் எந்தத் தேர்வுக்கும் அடிப்படையாக அமைதல் வேண்டும். இவை மூன்றும் கைக்கொள்ளப்படுமாயின், இயக்கமுறைமை மாற நேரும் நாளிலும் பணி தடைப்படாது.