பாரம் தூக்கப் பழகுவது எப்படி?



அறுவடை வந்துவிட்டால் நமது தஞ்சைத் தரணியில் முதுகு பிடித்துப் படுத்துக்கொள்ளும் ஆண்களுக்குக் குறைவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. வியாபாரி மூட்டை 60 கிலோவையும் தாண்டும். மாதக்கணக்கில் பாரமே தூக்காத தோளில் திடீரென்று அதை ஏற்றினால் தசை என்ன செய்யும்? "வயசாயிடுச்சுங்க" என்கிறார்கள். பெரும்பாலும் வயது காரணமல்ல. பழக்கம் விட்டுப்போனதே காரணம்.

நெல்லைச் சீமையில் இளவட்டக்கல் தூக்குவார்கள். நாங்குநேரிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலன்று இன்றும் போட்டி நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். அங்கே பல எடைகளில் கற்கள் கிடக்கும். சிறிய கல்லைத் தூக்கிப் பழகியவனே பெரிய கல்லுக்குப் போவான். சூட்சுமம் இவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் கல்லும் வேண்டாம், தராசும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. காலியான 5 லிட்டர் எண்ணெய்க் கேன்கள் இரண்டில் தலைக்கு 2 லிட்டர் ஊற்றிக்கொள்ளுங்கள். தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பிறகு முட்டியைச் சற்று மடக்கி, முதுகு வளையாமல் குனிந்து, கேனை விலா வரை இழுங்கள். 12 தடவை சிரமமில்லாமல் முடிந்தால் அடுத்த முறை கால் லிட்டர் கூட்டுங்கள். முடியவில்லையா, அதே அளவில் நில்லுங்கள். கேன் நிறைந்தபின் தண்ணீருக்குப் பதில் காய்ந்த மணல் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை வரும்.

தண்டாலும் அப்படியே. முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு திண்ணையில், பிறகு படித்துறைப் படியில், கடைசியில் தரையில். கை ஊன்றும் இடம் இறங்க இறங்கப் பாரம் கூடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தசை வளர்வது ஓய்விலேதான். முதல் சில வாரம் கை பருக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அப்போது நரம்புகள் தசைநார்களைச் சேர்த்து இழுக்கப் பழகிக்கொண்டிருக்கும். மூச்சை அடக்காதீர்கள், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானே ஓடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், அரையிலோ அடிவயிற்றிலோ புடைப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

மாசியில் தொடங்கினால் குறுவை அறுப்புக்குள் தோள் தயாராகிவிடும். அந்தச் சமயம் நெல் தரிசில் விளையும் உளுந்தையும் பயறையும் முழுக்க விற்றுவிடாமல் வீட்டுக்கும் கொஞ்சம் வையுங்கள். தசைக்கு வேண்டிய புரதம் அதில் இருக்கிறது.

"இது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று சகோதரிகள் ஒதுங்க வேண்டாம். நாற்றுக்கட்டும் தண்ணீர்க் குடமும் சுமப்பது யார்? இந்தப் பயிற்சியால் பெண்ணின் கை ஆணின் கையைப் போல் ஆகிவிடாது; எலும்பும் உறுதிப்படும். ஆனால் பிரசவமான உடனே பாரம் கூடாது. அடி இறங்கும் தொல்லைக்கு அது இடம் கொடுக்கும். அந்த நாட்களில் குடத்தைக் கணவர் எடுக்கட்டும். எடுத்தால் கௌரவம் குறையாது.

இன்னொன்று. "ஆபரேசன் பண்ணிக்கிட்டா மூட்டை தூக்க முடியாதாமே?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்காத ஊர் இல்லை. கருத்தடை சிகிச்சையில் விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறோம். தசைக்கு வலுத்தரும் ஆண் சுரப்பு அந்தக் குழாய் வழியே போவதில்லை. விதையிலிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே தெம்பு குறைய வழியில்லை. 48 மணி நேரம் ஓய்வு, பிறகு இலேசான வேலை. ஒரு வாரத்துக்குப் பின் வழக்கமான வேலை. பெண்கள் செய்துகொண்டால் 2 வாரம் பாரம் வேண்டாம். பழைய எடைக்கு ஒரே நாளில் தாவாமல், பாதியில் தொடங்கிக் கால் லிட்டராகக் கூட்டுங்கள். ஆண்கள் 3 மாதம் வரை நிரோத் பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். விவரம் வேண்டுவோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தம்பதியாகவே வந்து கேட்கலாம்.