இதய உறையும் காசநோயும்

பத்தாம் வகுப்பில் இதயத்தின் அமைப்பை நடத்தும்போது பெரிகார்டியத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்: இரண்டு அடுக்கு உறை, நடுவே சிறிதளவு திரவம். திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மாணவர்களுக்கு அந்த ஒரு வரியை நான் ஒரு பாடவேளையாக விரிக்கிறேன்.

செயல்பாடு: சிறிய சுருக்குப் பைக்குள் பலூனை வைத்து, அதன் வாய் மட்டும் வெளியே தெரியுமாறு கட்டி ஊதச் சொல்கிறேன். பை நிறைய விரிகிறது. காற்றை வெளியேற்றிவிட்டு, நீர் நிரப்பிய இன்னொரு பலூனையும் உள்ளே வைத்து மீண்டும் ஊதினால் சிறிதளவே விரிகிறது. பைதான் இதய உறை, நீர்ப் பலூன் அதில் சேரும் திரவம் என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளக்கம்: காசநோய்க் கிருமி நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. இதய உறையைத் தாக்கினால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். இதயம் விரிந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடியாது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், காய்ச்சல் வரும். இருமல் இல்லாமலும் இருக்கலாம். கவனிக்காவிட்டால் உறை தடித்து இதயத்தை இறுக்கும்.

கலந்துரையாடல்: "காசநோய் வந்த வீட்டுப் பிள்ளையின் அருகில் உட்காரலாமா?" என்ற கேள்வி எழும். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் இதற்கு விடை தந்துள்ளது. வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களின் குடும்பத்தாருக்கு, மருத்துவமனையில் தங்கியவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. முறையான மருந்துதான் பரவலைத் தடுக்கிறது, ஒதுக்கிவைப்பது அல்ல. அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். உடல் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஷிப்ட் வேலைக்கு ஓடும் அப்பாவிடம் இதைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

மதிப்பீடு: இதயத் தசை நலமாக உள்ளது, ஆனாலும் கால் வீங்குகிறது. ஏன்?