துரை செய்வதும் நீதிபதி செய்வதும்

சுங்காய் நண்பருக்கு,

"டிரம்ப்பை இரண்டு தடவை இம்பீச் செய்தும் ஏன் உள்ளே போகவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். தோட்டக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ரப்பர் பால் எடையில் கணக்கெழுதும் கிராணி கைவைக்கிறார் என்று தோட்ட நிர்வாகியான துரை நினைத்தால் வேலையை விட்டு நிறுத்தலாம். கிராணி வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். ஆனால் ஜெயிலுக்கு அனுப்பத் துரையால் ஆகாது. அதற்குப் போலீஸ், சாட்சி, நீதிமன்றம் வேண்டும். இம்பீச்மெண்ட் துரை செய்கிற காரியம். அமெரிக்க செனட்டால் பதவியைப் பறிக்கலாம், இனிமேல் பதவிக்கு வராமல் தடுக்கலாம், அவ்வளவுதான். அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு 2020-லும் கிடைக்கவில்லை, 2021-லும் கிடைக்கவில்லை. பிறகு 2024 மே மாதம் நியூயார்க் ஜூரி 34 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. அந்தத் தீர்ப்பும் அவர் மறுபடி அதிபராவதைத் தடுக்கவில்லை!

நம் மலேசியாவில் இம்பீச்மெண்ட் கிடையாது, பெரும்பான்மை போனால் பதவி போகும். 2009 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31-ஐ வைத்திருந்த கூட்டணியின் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) நிஜார், அதிலிருந்து மூன்று பேர் விலகியதும் வீழ்ந்தார். உங்கள் சுங்காய் சட்டமன்ற உறுப்பினர் சிவநேசனும் அந்த ஆட்சிக்குழுவில்தான் இருந்தார். நிஜார் மீது வழக்கு எதுவும் இல்லை, ஆனாலும் நாற்காலி போனது. விலகிய மூவரில் இருவர் லஞ்ச வழக்கில் நின்றுகொண்டிருந்தார்கள். தீர்ப்பு வராததால் அந்த வழக்கு அவர்கள் இடத்தைத் தொடவில்லை. அந்த இடங்கள் காலி என்று சபாநாயகர் சிவகுமார் அறிவித்தும் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை.

ஆதரவு இழந்ததைச் சட்டமன்ற வாக்கெடுப்பில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை என 2010-ல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. சட்டம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. இம்பீச்மெண்டில் யார் எந்தப் பக்கம் என்பதாவது ஊர் பார்க்கப் பதிவாகும்.

முன்னாள் பிரதமர் நஜிப் கதை இன்னும் தெளிவு. 2018 மே 9-ல் பிரதமர் பதவியைப் பறித்தது வாக்காளர்கள். 2020 ஜூலையில் 12 ஆண்டுச் சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம் விதித்தது நீதிமன்றம். மேல்முறையீடு நடந்த காலமெல்லாம் அவர் பெக்கான் எம்.பி.யாகவே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். 2022 ஆகஸ்ட் 23-ல்தான் காஜாங் சிறைக் கதவு மூடியது.

அந்தச் சிறைத்தண்டனையைப் பாதியாக்கிய மன்னிப்பு வாரியம் துரையும் இல்லை, நீதிபதியும் இல்லை. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து