மார்க் வாங்குறவர் கணிதவியலாளர் ஆவது எப்படி?

மேத்ஸ் பேப்பர்ல 'ஓ' கிரேடு வாங்கியிருக்கீங்களா? வாழ்த்துகள். ஆனா அது மட்டும் போதாது. பரீட்சையில் வருவது விடை இருக்கிற கேள்வி. விடை யாருக்குமே தெரியாத கேள்வியோட மாசக்கணக்கில் உட்கார்றதுதான் கணிதவியலாளரின் வேலை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு மாணவர் எப்படிப் போகிறார்?

சீனிவாச வரதனைப் பார்ப்போம். 1940ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படிச்சிட்டு, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போ அவர் மனசில் இருந்தது ஆலைகளின் தரக்கட்டுப்பாடு. நம்ம நாரணாபுரத்துக்குப் புரியுற விஷயம்தான்: எல்லா வெடியையும் கொளுத்திப் பார்த்தா விற்க எதுவும் மிஞ்சாது. சிலதை மட்டும் சோதிச்சு மொத்தத்தையும் கணிக்கணும்.

ஆனா அந்த வேலையில் அவருக்கு மனசு ஒட்டலை. அங்கே பார்த்தசாரதி, ரங்க ராவ், வரதராஜன்னு மூணு இளம் ஆய்வாளர்கள் இருந்தாங்க. அவங்க பழக்கம் அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டுப் பக்கம் திருப்பியது. ஒருத்தருக்கொருத்தர் பாடம் எடுத்தாங்க, சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. 1963ல் முனைவர் பட்டம். பிறகு நியூயார்க்கின் கூரண்ட் நிறுவனம். 2007ல் ஆபெல் பரிசு.

அந்தப் பரிசுக்கு முக்கியக் காரணம், 'பெரு விலக்கம்' பற்றிய அவரோட கோட்பாடு. ஒரு நாணயத்தை 100 தடவை சுண்டினா, 60 அல்லது அதுக்கு மேல தலை விழும் வாய்ப்பு சுமார் 2.8 சதவீதம். 1000 தடவை சுண்டி 600 அல்லது அதுக்கு மேல விழும் வாய்ப்பு, நூறு கோடியில் ஒன்றைவிடக் குறைவு! இரண்டும் 60 சதவீதம்தான். அரிய நிகழ்வின் வாய்ப்பு எவ்வளவு வேகமா சுருங்குதுன்னு அளக்கிறதுதான் இந்தக் கோட்பாடு. அரிதுதானேன்னு ஒரு விபத்தை ஒதுக்க முடியாதுன்னு நம்ம ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இதிலிருந்து நமக்கு மூணு பாடம்.

1. தேற்றத்தை மட்டும் படிச்சிட்டு புத்தகத்தை மூடுங்க. நிரூபணத்தை நீங்களே முயற்சி பண்ணுங்க. ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

2. மூணு நண்பர்களைச் சேர்த்துக்கோங்க. வாரம் ஒருத்தர் போர்டுல விளக்கணும், மத்தவங்க 'ஏன்?'னு கேட்கணும்.

3. கணக்கு முடிஞ்சதும் ஒரு நிபந்தனையை மாத்திப் பாருங்க. உங்க சொந்தக் கேள்வி அங்கேதான் பிறக்கும்.

பி.இ. படிச்சிட்டோமே, இனிமே முடியுமான்னு தயங்காதீங்க. சிறுசேரியில் இருக்கிற சி.எம்.ஐ.யில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு நம்மளும் நுழைவுத் தேர்வு எழுதலாம். பிளேஸ்மென்ட் ஆஃபர் கையில் இருக்கிறவங்களும் ஒரு மாசம் இந்த மூணையும் செஞ்சு பாருங்க. மாட்டிக்கிட்ட கணக்கு தூக்கத்திலும் விடலைன்னா, அந்த அப்ளிகேஷனைப் போட்டுடுங்க.