மண்ணுக்கு முதலில் உணவு



சொந்த ஊரையும் வயலையும் விட்டு வந்து, மாத்தளையில் கிடைத்த துண்டு நிலத்தில் மண்வெட்டி பிடித்திருக்கிறீர்கள். "பசளை வாங்கக் காசில்லை, இந்த மண்ணில் என்ன விளையும்?" என்று நாங்கள் செல்லுமிடமெல்லாம் கேட்கிறீர்கள். இப்பாடம் அதற்காகவே.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கியது. இடையில் பலருடைய விளைச்சல் வீழ்ந்தது. இயற்கைப் பசளையை ஒரே இரவில் உண்டாக்க முடியாது, ஒரு போகத்துக்கு முன்னரே ஆயத்தம் வேண்டும் என்பதே அதில் நாம் கற்றது.

கொண்டைக்கடலை குளிர்ச்சியான, வறண்ட காலநிலையை விரும்பும் பயிர். தம்புள்ளை, கலேவெல போன்ற நம் மாவட்டத்து வறண்ட பகுதிகளுக்குப் பயறும் கௌபியும் பொருத்தமானவை. இவையெல்லாம் ஒரே அவரைக் குடும்பம். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சுகள் குறையும், காசும் வீண்.

செய்ய வேண்டியவை:

1. மிளகுக்கொடி படரும் சீமைக்கிளுவையின் (கிளிறிசீடியா) இலையை வெட்டி, விதைப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன் மண்ணில் புதையுங்கள்.

2. மாட்டெரு, வைக்கோல், பச்சிலை ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் காத்து, இடையிடையே புரட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு ஆயத்தமாகும்.

3. அடுப்புச் சாம்பலைச் சிறிதளவு தனியாகத் தூவுங்கள். பச்சை எருவுடன் கலந்தால் நைதரசன் ஆவியாகிப் போய்விடும்.

4. பூக்கும் காலத்தில் ஒரு செடியை வேரறாமல் தோண்டி, முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. முடிச்சே இல்லாவிட்டால், அடுத்த முறை பயறு நன்கு விளைந்த வயலின் மண்ணைச் சிறிது கொண்டுவந்து தூவுங்கள்.

5. அறுவடையில் செடியைப் பிடுங்காதீர்கள்; அடியோடு வெட்டுங்கள். வேர் மண்ணுக்கே சொந்தம்.

6. இறத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துச் சரிவுகளில் சமவுயரக் கோட்டில் கிளிறிசீடியா வேலி நடுங்கள். மண் ஓடாது, தழையும் கிடைக்கும்.

"நிலம் எங்களுடையதல்லவே, நாளை போகச் சொன்னால்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். தழையும் எருவும் போட்ட போகத்திலேயே பலன் தரத் தொடங்கும்; அவற்றைத் தயங்காமல் செய்யுங்கள். மர வேலிக்கோ ஆண்டுகள் வேண்டும். ஆகவே, நடுமுன் நிலத்துக்குரியவரிடம் எத்தனை போகம் என்பதை எழுத்தில் பெறுங்கள். குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் பேச்சுக்கு வலிமை உண்டு.

லூக்கா நற்செய்தியில் ஒரு தோட்டக்காரர், காய்க்காத அத்தி மரத்துக்காக இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சும்மா கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்லிக் கேட்கிறார். நாமும் இந்த மண்ணுக்கு அந்தத் தவணையைக் கொடுப்போம். பெரும்போக மழைக்கு முன் இன்றே குவியலைத் தொடங்குவோம்.