சொற்களின் பிறந்த வீடு

நாளொன்றுக்கு 10 ஆங்கிலச் சொற்களை உருப்போட்டாலும், தேர்வு முடிந்ததும் அவை பறந்து விடுகின்றன. சொல்லின் பிறந்த வீட்டை அறிந்து கொண்டாலோ அது மனத்தில் தங்கி விடுகிறது.

'கம்பேனியன்' என்றால் தோழர். இலத்தீனில் 'கோம்' என்பது உடன். 'பானிஸ்' என்பது அப்பம். அப்பத்தைப் பங்கிட்டு உண்பவரே தோழர்! மதிய வேளையில் நம் டிபன் டப்பாக்களைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். தசையைக் குறிக்கும் 'மஸில்' என்ற சொல்லோ இலத்தீனில் சுண்டெலி. கையை மடக்கிப் பாருங்கள், எலி ஓடும்! கட்டுரையில் எதற்கெடுத்தாலும் நாம் எழுதும் 'நைஸ்', முற்காலத்தில் 'அறிவற்ற' என்ற பொருளில் வழங்கியது.

நம் வீட்டிலிருந்து ஆங்கிலத்திற்கு வாழ்க்கைப்பட்டுப் போன சொற்களும் உண்டு. 'மல்லிகடானி' சூப் நம் மிளகுத் தண்ணீர். 'செரூட்' நம் சுருட்டு. 'கட்டமரான்' நம் கட்டுமரமே. ஆனால் புகுந்த வீட்டில் அதன் உருவம் மாறி விட்டது. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது நம் கட்டுமரம். இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல் பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகையே குறிக்கும். நம் மீனவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது அச்சொல்லை மட்டும் எழுதினால், படிக்கும் வெளிநாட்டார் மனத்தில் வேறொரு படகு மிதக்கும். ஆகவே, 'கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது' என்று ஒரு வரியும் சேர்த்தே எழுதுவோம்.