நேரம் பார்க்கவா, பெயர் பார்க்கவா?

மணிக்கூடு எதற்கு? நேரம் பார்ப்பதற்கு என்று சிறுபிள்ளையும் சொல்லும். அப்படியானால் நேரத்தை மிகச் சரியாகக் காட்டும் மணிக்கூடே விலை கூடியதாக இருத்தல் வேண்டும். சந்தையில் நடப்பதோ நேர்மாறு.

1969ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் உலகின் முதலாவது குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தால் இயங்கும் இவ்வகை மணிக்கூடு சாதாரணமாக மாதத்துக்குப் பதினைந்து விநாடியளவே பிசகும். வில்லின் விசையால் ஓடும் நல்ல சுவிஸ் மணிக்கூடோ நாளொன்றுக்கே நாலைந்து விநாடி முந்தவோ பிந்தவோ கூடும். குவார்ட்ஸ் மலிந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் மணிக்கூட்டுத் தொழில், எண்பதுகளில் 30,000 பேரளவுக்குச் சுருங்கியது.

எனினும் அது அழியவில்லை. 1983இல் வெளிவந்த மலிவான சுவாட்ச் ஒருபுறம் கைகொடுத்தது. மறுபுறம், பழைய நிறுவனங்கள் நேரத்தை விற்பதை விட்டுப் பெயரை விற்கலாயின. இன்று பல இலட்சம் ரூபாய்க்கு விலைபோவது, குவார்ட்ஸைவிடப் பிசகும் அந்தப் பழைய வகையே.

ஆடம்பரப் பெயர் ஒன்றுக்கு மூன்று தூண்கள் உண்டு எனலாம். முதலாவது, கைவினைத் திறன். இரண்டாவது, நீண்ட வரலாறு. ஜெனீவாவின் பத்தெக் பிலிப் 1839இல் தொடங்கியது. மூன்றாவது, அருமை. எல்லாருக்கும் கிடைப்பது ஆடம்பரமாகாது.

மக்கள் ஏன் வாங்குகின்றனர்? அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் இதற்கு விடை தந்தார். செல்வம் இருந்தால் மட்டும் போதாது, அது பிறர் கண்ணில் பட வேண்டும் என்பதே பகட்டு நுகர்ச்சியின் உட்பொருள். விலை கூடினால் கேள்வி குறையும் என்பது பொதுவிதி. ஆனால் ஹார்வி லைபன்ஸ்டைன் 1950இல் மூன்று விலகல்களை எடுத்துக்காட்டினார். பலர் வாங்குவதால் தாமும் வாங்குவோர் ஒருவகை. பலர் வாங்குவதாலேயே வேண்டாமென ஒதுங்குவோர் இன்னொருவகை. விலை கூடியது என்பதற்காகவே வாங்குவோர் மூன்றாம் வகை. நல்ல வேலைப்பாட்டை உள்ளபடியே விரும்பி வாங்குவோரும் இல்லாமலில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் இந்த அருமைக்கும் பெயருக்கும் பின்னால் மறைந்திருப்பவை சில உண்டு. பெயரின் மதிப்புக் குறையாதிருக்க, பிரித்தானிய நிறுவனமான பர்பரி ஓராண்டில் 2.86 கோடி பவுண் பெறுமதியான விற்காத பொருட்களை அழித்தது 2018இல் தெரியவந்தது. எதிர்ப்பு எழவே, அவ்வழக்கத்தை அது கைவிட்டது. 2024இல் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டப்படுவதைத் தடுக்கத் தவறியதென்று டியோரின் கைப்பைத் துணை நிறுவனத்தை நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. மேற்பார்வை 2025இல் நீங்கியது. மூலப்பொருள் நீங்கலாக, ஒரு பையைத் தைத்து முடிக்கப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூறோ. கடையில் அதன் விலை 2,600 யூறோ.

ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதன் பயனுக்கு எவ்வளவு கொடுக்கிறேன்? பெயருக்கு எவ்வளவு? செய்தவன் கைக்குப் போவது எவ்வளவு? முதலிரண்டையும் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். மூன்றாவதற்கு விடை விலைச்சீட்டில் இராது. கேட்பவர் தொகை கூடினாற்றான் அது வெளிவரும்.